விவாகரத்துக்குப் பிறகு அப்பா இனிஷியலுக்குத் திரும்புவது எப்படி

போன வருடம் முழுக்க என் பெயரோடு மல்லுக்கட்டி, இப்போதுதான் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆகியிருக்கிறது. கல்யாணம் ஆகி மாற்றுகிறவர்களுக்கும் ஏறக்குறைய இதே வழிதான். நான் கோர்ட் தீர்ப்பின் நகலைக் காட்டிய இடத்தில் அவர்கள் திருமணப் பதிவுச் சான்றிதழைக் காட்டுவார்கள். (கல்யாணம் ஆனால் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று இந்தியாவில் சட்டம் எதுவும் கிடையாது. அது அப்போதே தெரிந்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை.)

எந்தப் படிவத்தையும் தொடுவதற்கு முன்னால், ஒரு தாளில் புதுப் பெயரை இனிஷியலை விரித்து, ஆங்கில எழுத்துக்கூட்டலோடு எழுதுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். நம்மில் பலருக்கு மாறுவது பெயர் இல்லை, முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்து. ஆனால் பாஸ்போர்ட்டிலும் பானிலும் அந்த எழுத்தை விரித்துத்தான் கொடுக்க வேண்டும். உதாரணத்துக்கு அப்பா முருகேசன், கணவர் ரவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் ‘ஆர். தேன்மொழி’, பானில் ‘தேன்மொழி ரவி’, மார்க்‌ஷீட்டில் ‘எம். தேன்மொழி’. நான் பெரிய புத்திசாலி மாதிரி, ‘ஆர்.’ ‘எம்.’ ஆகிறது என்று மட்டும் அரசிதழில் (பெயர் மாற்றத்தை அரசு அச்சிட்டு வெளியிடும் கெஜட்) போட்டுவிட்டேன். ஆதார் மாறியது. பேங்கில் பான் கார்டைப் பார்த்துவிட்டு, “தேன்மொழி ரவி என்ற பெயரே அரசிதழில் இல்லையே?” என்றார்கள். சரிதானே, இல்லைதான். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அபிடவிட் வாங்கிக் கொடுத்துத்தான் தப்பித்தேன். ஆகவே பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் விரித்தே போடுங்கள்.

தீர்ப்பு நகல் கையில் இருக்கும்போது அரசிதழ் எதற்கு என்று கேட்கலாம். ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் தீர்ப்பே போதும். ஆனால் என் குடும்பக் கதையைக் கவுன்டர் கவுன்டராகப் படிக்கக் கொடுக்க எனக்கு மனசில்லை. அரசிதழில் இருப்பது ஒரு வரி, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இதை வெளியிடுவது எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை, அலுவலகம் சென்னை அண்ணா சாலையில். தமிழிலும் போடலாம், ஆங்கிலத்திலும் போடலாம். நான் ஆங்கிலத்தைத்தான் சொல்வேன், பின்னால் எல்லோரும் ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த எழுத்துக்கூட்டலைத்தான்.

அடுத்தது ஆதார். இதில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்றலாம். கல்யாணத்தின்போது ஒன்று போயிருந்தால் மிச்சம் ஒன்றுதான், பிழை விட்டால் மண்டல அலுவலகம் வரை போய்க் கெஞ்ச வேண்டும். ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுத்தெழுத்தாகப் படியுங்கள், பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை.

அப்புறம் பான். திருத்தத்துக்கான விண்ணப்பத்தைத்தான் எடுக்க வேண்டும், புது பான் இல்லை, எண் அதேதான். இரண்டு பான் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம் வரலாம். ஆதாரும் பானும் பொருந்திய பிறகு பேங்க், எல்ஐசி, பிஎஃப் எல்லாவற்றிலும் விண்ணப்பித்து மாற்றுவது சுலபம்.

பாஸ்போர்ட்டுக்கு ‘ரீ-இஷ்யூ’வைத் தேர்ந்தெடுங்கள். விவாகரத்தானவர்கள் முன்னாள் கணவர் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2016 டிசம்பரிலேயே விதி மாறிவிட்டது. யாராவது கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள்.

மார்க்‌ஷீட்டை நான் தொடவே இல்லை. அரசிதழ் நகல் ஒன்றை அதே ஃபைலில் செருகி வைத்திருக்கிறேன்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டார், பாஸ்போர்ட்டில் முழுப் பெயரையும் முதல் கட்டத்திலேயே எழுதி, குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடலாமா என்று. வேண்டாம். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டுவிடுங்கள்.