டிரான்ஸ்கோடிங்குக்காக நாஸ் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஒரு நாஸ் பெட்டியை (ஹார்ட் டிஸ்க்குகளை வீட்டு நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவாக்கும் பெட்டி) வைத்து, சேர்த்து வைத்த படங்களையும் குடும்ப வீடியோக்களையும் எல்லா அறைகளிலும் பார்க்க ஆசைப்படுகிறோம். எத்தனை ஹார்ட் டிஸ்க் போடலாம், ரேம் எவ்வளவு, ப்ராசஸரில் எத்தனை கோர் என்று பார்த்து வாங்குகிறோம். முதல் வாரத்திலேயே 4கே படம் பத்து நொடி ஓடும், அப்புறம் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். எனக்கும் இப்படித்தான் நடந்தது. நான்கு கோர் இருந்தது, ரேமையும் 8 ஜிபி ஆக்கிப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. அந்த ப்ராசஸருக்குள் வீடியோ வேலைக்கென்று தனிப் பகுதியே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. வாங்குவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய விஷயம் அது.

ஆனால் அதற்கும் முந்தைய ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் வீட்டில் டிரான்ஸ்கோடிங், அதாவது வீடியோவை ஓடும்போதே வேறு வடிவத்துக்கு மாற்றுவது, தேவைப்படுகிறதா? டிவிக்குப் புரியும் வடிவத்தில் ஃபைல் இருந்தால், நாஸ் அதை அப்படியே எடுத்து நீட்டிவிடும். இதை டைரக்ட் பிளே என்கிறார்கள். மிகச் சாதாரணப் பெட்டிகூட 4கே படத்தை இப்படிக் கொடுத்துவிடும். எம்கேவி என்ற உறையை மட்டும் மாற்ற வேண்டியிருந்தாலும் வேலை குறைவுதான். டிவிக்கு டிடிஎஸ் என்ற ஒலி வடிவம் தெரியாமல் ஒலியை மட்டும் மாற்றிக் கொடுப்பதும் பெரிய பாரமில்லை. படத்தையே ஒவ்வொரு ஃபிரேமாகப் பிரித்து, வேறு வடிவத்தில் மறுபடி சுருக்க வேண்டி வரும்போதுதான் பெட்டிக்கு மூச்சுத் திணறுகிறது.

எச்.265 என்ற வீடியோ சுருக்க வடிவத்தைப் படிக்கத் தெரியாத பழைய டிவி, பிரவுசரில் பார்ப்பது, வெளியூரிலிருந்து பார்க்கும்போது வீட்டு இணையத்தின் அப்லோடு வேகம் போதாமல் போவது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். பலர் கண்டுகொள்ளாத இன்னொரு காரணம் சப்டைட்டில். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ப்ளூரேவிலிருந்து எடுத்த ஃபைல்களில் சப்டைட்டில் பெரும்பாலும் பிஜிஎஸ் வடிவத்தில் இருக்கும். அதில் இருப்பது எழுத்து அல்ல, எழுத்தின் படம். அதைத் தானே மேலே காட்டத் தெரியாத டிவி ஆப்கள் நிறைய உண்டு. அப்போது சர்வர் (நாஸில் ஓடும் வீடியோ மென்பொருள்) அந்த எழுத்துப் படத்தை வீடியோவின் மேல் பதித்துக் கொடுக்கிறது. அதற்காக முழுப் படத்தையும் டிரான்ஸ்கோடிங் செய்தாக வேண்டும். அதுவரை நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த 4கே படம், சப்டைட்டில் போட்ட நொடியில் நிற்பது இதனால்தான். எஸ்ஆர்டி என்ற எழுத்து வடிவ சப்டைட்டிலைப் போட்டுப் பாருங்கள், பல வீடுகளில் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். இதற்காகப் புதுப் பெட்டி வாங்கக் கிளம்புவதுதான் முதல் தவறு.

சரி, டிவி பழசு, மாற்றும் எண்ணமில்லை, வெளியிலிருந்தும் பார்க்க வேண்டும், டிரான்ஸ்கோடிங் கட்டாயம் தேவை என்று முடிவாகிவிட்டது. அடுத்த தவறு, கோர் எண்ணிக்கையை நம்புவது. வெறும் ப்ராசஸர் பலத்தை வைத்துச் செய்வதானால், 1080பி படம் ஒன்றுக்கு பாஸ்மார்க் (ப்ராசஸரின் வேகத்தை அளக்கும் சோதனை) மதிப்பெண் 2,000 அளவிலும், 4கே எச்டிஆர் (ஒளியையும் நிறத்தையும் கூடுதலாகக் காட்டும் வகை) படம் ஒன்றுக்கு 17,000 அளவிலும் வேண்டும் என்று பிளெக்ஸ் என்ற மீடியா சர்வர் மென்பொருளின் நிறுவனம் வழிகாட்டியிருக்கிறது. வீட்டு நாஸ்களில் பரவலாக இருந்த இன்டெல் செலரான் ஜே4125 ப்ராசஸரின் மதிப்பெண் சுமார் 3,000தான். ஆனாலும் அது 4கே படத்தைச் சமாளிக்கும். காரணம், அதற்குள் இருக்கும் கிராபிக்ஸில் குவிக் சிங்க் என்ற பகுதி இருக்கிறது. வீடியோவைப் பிரிப்பதும் சுருக்குவதும் மட்டுமே அதன் வேலை. இன்டெல் இதை 2011-ல் கொண்டுவந்தது. எல்லாத் தலைமுறையிலும் இது ஒரே திறனோடு இருப்பதில்லை. 4கே எச்டிஆர் படங்களுக்கு 10-பிட் எச்.265 தெரிய வேண்டும். மேசைக் கணினி வகைகளில் ஏழாம் தலைமுறையிலிருந்துதான் அது முழுமையாக வந்தது.

ஆகவே விவரப் பட்டியலில் முதலில் தேட வேண்டியது, ப்ராசஸருக்குள் கிராபிக்ஸ் இருக்கிறதா, எந்தத் தலைமுறை என்பதுதான். புது மாடல் என்றால் இதிலும் மேலாகத்தான் இருக்கும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் பலர். சினாலஜி நிறுவனத்தின் டிஎஸ்920 பிளஸ் நாஸ் 2020-ல் வந்தது, அதில் ஜே4125 இருந்தது. 2022-ல் வந்த டிஎஸ்923 பிளஸ்ஸில் ஏஎம்டி ரைசன் ஆர்1600. மற்ற வேலைகளுக்கு நல்ல ப்ராசஸர், ஆனால் கிராபிக்ஸ் கிடையாது. டிரான்ஸ்கோடிங்கை மட்டும் பார்த்தால் பழையதுதான் மேல். சொந்தமாகக் கணினி கட்டி நாஸ் ஆக்குபவர்களும் கவனியுங்கள்: இன்டெல் ப்ராசஸர் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து நின்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை.

பெட்டியின் மேல் ‘4கே டிரான்ஸ்கோடிங்’ என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்புவது இன்னொரு தவறு. ரியல்டெக் போன்ற ஏஆர்எம் வகை ப்ராசஸர் உள்ள சில பெட்டிகளில் அந்தத் திறன் உண்மையிலேயே இருந்தது, ஆனால் தயாரித்த நிறுவனத்தின் சொந்த வீடியோ ஆப்பில் மட்டும். பிளெக்ஸ் அதைத் தொட முடியாது. சொந்த ஆப்பே போதும் என்று இருந்துவிடலாமா? அதிலும் ஆபத்து உண்டு. சினாலஜி 2024-ல் வெளியிட்ட டிஎஸ்எம் 7.2.2 என்ற நாஸ் இயங்குதளத்தில் தன் வீடியோ ஸ்டேஷன் ஆப்பையே எடுத்துவிட்டது. எந்த மென்பொருளில் பார்க்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அந்த மென்பொருள் இந்த ப்ராசஸரின் வீடியோ பகுதியைப் பயன்படுத்துமா என்று கேட்பதுதான் சரியான வரிசை.

மென்பொருள் பக்கம் வந்துவிட்டதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹார்டுவேர் டிரான்ஸ்கோடிங்குக்கு பிளெக்ஸில் பிளெக்ஸ் பாஸ் என்ற கட்டணச் சந்தா வேண்டும், அதே வகையான எம்பி (Emby) மென்பொருளில் பிரீமியர் சந்தா வேண்டும், ஜெல்லிஃபின் என்ற மென்பொருளில் இலவசம். டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனி அடைப்புக்குள் ஓட்டும் முறை) நிறுவுகிறீர்கள் என்றால் கிராபிக்ஸ் சாதனத்தை கன்டெய்னருக்குள் அனுமதிக்க மறக்காதீர்கள். மறந்தால், பிளெக்ஸில் எந்தப் பிழைச் செய்தியும் வராமலே வேலை முழுவதும் ப்ராசஸர் தலையில் விழும். நல்ல பெட்டியை வாங்கிவிட்டு ‘இது சரியில்லை’ என்று திருப்பி அனுப்பும் நிலை இதனால் வரலாம்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. எச்டிஆர் படத்தைச் சாதாரண டிவிக்கு மாற்றும்போது டோன் மேப்பிங் (நிறத்தையும் ஒளியையும் அந்த டிவிக்கு ஏற்ப மாற்றுவது) நடக்காவிட்டால் படம் சாம்பல் பூசியதுபோல் வெளிறித் தெரியும். டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகையில் ப்ரொஃபைல் 5 வகை ஃபைல்கள் இன்னும் மோசம், பச்சையும் ஊதாவுமாகத் தெரியும். இது ஃபைல் கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல.

ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவத்தில் சேமிக்கத் தொடங்கியிருந்தால் ஜே4125 கைகொடுக்காது. 2023-ல் வந்த இன்டெல் என்100 அதைப் படிக்கும். ரேமை ஏற்றினால் டிரான்ஸ்கோடிங் வேகமாகிவிடாது. ஹார்ட் டிஸ்க்கில் எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும்) வகையைத் தவிருங்கள், ரெய்டு மறுகட்டமைப்பில், அதாவது பழுதான டிஸ்க்கை மாற்றி அதிலிருந்ததை மற்ற டிஸ்க்குகளிலிருந்து மறுபடி எழுதும்போது, அது திணறும்.

நெட்வொர்க் பற்றித்தான் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அதன் பழியும் நாஸ் மேலேயே விழுகிறது. 4கே ப்ளூரே வட்டில் வேகம் நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டலாம். பல டிவிகளின் ஈதர்நெட் துளையோ 100 மெகாபிட்டோடு நின்றுவிடும், விலை உயர்ந்த டிவிகளிலும் இது உண்டு. கேபிள் போட்டும் படம் திக்குகிறது என்றால் அதே டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்துப் பாருங்கள். நாஸில் 2.5 கிகாபிட் துளை இருப்பதால் இந்த விஷயத்தில் பலனில்லை. சாதாரண 1 கிகாபிட்டே இதற்குத் தாராளம்.

என்னைக் கேட்டால், இரண்டு வேலைகளையும் ஒரே பெட்டியில் கட்டாமல் இருப்பது நல்லது. நாஸ் சேமித்து வைக்கட்டும். பக்கத்தில் என்100 உள்ள ஒரு சின்னக் கணினி பிளெக்ஸையோ ஜெல்லிஃபினையோ ஓட்டட்டும். நாளைக்குப் புது வீடியோ வடிவம் வந்தால் சின்னக் கணினியை மட்டும் மாற்றினால் போதும், ஹார்ட் டிஸ்க்குகளைத் தொட வேண்டியதில்லை. வீட்டில் ஒரே ஒரு டிவிதான் தகராறு என்றால், அதற்கு எச்.265 தெரிந்த நல்ல ஸ்ட்ரீமிங் பெட்டி ஒன்றை மாட்டுவது இதைவிட எளிது.

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் உங்களிடம் இருப்பதிலேயே கடினமான ஃபைலை எடுங்கள்: 4கே, 10-பிட் எச்டிஆர், பிஜிஎஸ் சப்டைட்டிலோடு. அதை வீட்டில் இருப்பதிலேயே பழைய டிவியில் அரை மணி நேரம் ஓட விட்டு, பிளெக்ஸின் டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள். வீடியோ வரியில் டிரான்ஸ்கோடு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எச்டபிள்யூ என்ற இரண்டு எழுத்துகள் தெரிந்தால் வீடியோ பகுதி வேலை செய்கிறது. தெரியாவிட்டால் அமைப்புகளைச் சரிபாருங்கள். அதற்குப் பிறகும் தெரியவில்லை என்றால் பெட்டியைக் காலக்கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.