டால்பின்களையும் கடற்குகைகளையும் காணப் படகில் செல்வோருக்கு

இத்தகைய பயணம் நன்றாக அமையுமா என்பது பெரும்பாலும் கரையில் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. டால்பின்களை நிச்சயம் அருகில் காட்டுகிறோம் என்று உறுதியளிக்கும் நிறுவனத்தைவிட, கடல் சரியில்லாத நாளில் குகைக்குள் போக மாட்டேன் என்று மறுத்துச் சொல்லும் படகோட்டியை நம்பிப் பணம் கட்டலாம். முன்பதிவுக்கு முன் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். டால்பின்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் படகை நிறுத்துவீர்கள், அங்கே ஏற்கெனவே வேறு படகுகள் இருந்தால் என்ன செய்வீர்கள், குகைக்குள் நுழைய முடியாமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா? முதலிரண்டு கேள்விகளுக்கும் தடுமாறாமல் பதில் சொல்பவருக்கு அந்தக் கடற்பகுதியின் விதிகள் தெரியும் என்று கொள்ளலாம்.

அந்த விதிகள் நாட்டுக்கு நாடு மாறுபடும். நியூசிலாந்தில் டால்பின்களைச் சுற்றி 300 மீட்டருக்குள் ஒரே நேரத்தில் மூன்று படகுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஹவாயில், சுழன்று துள்ளும் ஸ்பின்னர் டால்பின்களைக் கரையோரக் கடலில் 50 கெஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 45 மீட்டருக்குள், நெருங்குவதற்கு 2021 முதல் தடை உள்ளது. அவை இரவில் ஆழ்கடலில் இரை தேடிவிட்டுப் பகலில் ஆழம் குறைந்த விரிகுடாக்களில் ஓய்வெடுப்பவை என்பதால், சுற்றுலா வரும் நேரமே அவற்றின் உறக்க நேரமாகிவிடுகிறது. டால்பின்களோடு நீந்தலாம் என்னும் விளம்பரங்களை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

டால்பின்களைத் தேடுவதற்குப் பொதுவாகக் காலை நேரமே ஏற்றது. பிற்பகலில் கடற்காற்று வலுத்து அலைகளின் தலையில் வெண்ணுரை தோன்றத் தொடங்கிவிட்டால், அதற்கிடையே ஒரு முதுகுத்துடுப்பைப் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கே கடினம். குகைக்கோ காற்றோடு ஓதமும் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்), தொலைவிலிருந்து உருண்டு வரும் நீண்ட அலைகளும் கணக்கில் வரும். இத்தாலியின் காப்ரி தீவிலுள்ள நீலக்குகையின் வாயில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமே உள்ளது. பயணிகள் சிறு துடுப்புப் படகில் படுத்துக்கொண்டே உள்ளே செல்ல வேண்டும், கடல் சற்றே எழும்பினாலும் நுழைவு நிறுத்தப்படும். ஆகவே, எந்த நாளில் எந்த நேரத்தில் ஓதம் பொருந்தி வருகிறது என்று கேட்டபின் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

காற்றடைத்த பக்கங்களைக் கொண்ட விரைவுப் படகுகள் சிறிய குகைகளுக்குள்ளும் நுழையும். ஆனால் அலை மீது மோதி மோதிச் செல்வதால் கர்ப்பிணிகளுக்கும் முதுகுவலி உள்ளவர்களுக்கும் அவை ஏற்றவை அல்ல. பெரிய படகில் ஆட்டம் குறைவு, ஆனால் குகையை வாயிலோடு பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும். கடல்மயக்கம் வருபவர்கள் மருத்துவர் சொன்ன மாத்திரையைப் படகேறுவதற்கு முன்பே போட்டுக்கொண்டு, படகின் நடுப்பகுதியில் அமர்ந்து, கைப்பேசியைப் பார்க்காமல் தொடுவானத்தில் பார்வையை நிறுத்துவது நல்லது. வெயில் காலத்திலும் காற்றைத் தடுக்கும் மேலங்கி ஒன்று தேவைப்படும்.

கடலுக்குள் சென்றபின் துள்ளலை எதிர்பார்த்துக் காத்திருப்பதை விட்டு, பறவைகள் கூட்டமாக நீரில் பாயும் இடத்தைத் தேடுங்கள். கீழே மீன்கூட்டம் இருக்கும், அதைத் துரத்தி டால்பின்களும் வந்திருக்கக்கூடும். நல்ல படகோட்டி வேகத்தைக் குறைத்து, அவை செல்லும் திசைக்கு இணையாகப் பக்கவாட்டில் படகைச் செலுத்துவார். எதிரே சென்று மறிக்கவோ கூட்டத்தைப் பிளக்கவோ மாட்டார். அவை தாமாகவே வந்து படகின் முகப்பில் எழும் அலையில் சறுக்கினால், மூச்சுத்துளை திறந்து காற்று வெளியேறும் குறுகிய சீறலைக் கூடக் கேட்கலாம். தாயின் பக்கத்தை ஒட்டி வரும் குட்டியின் உடலில் வெளிறிய குறுக்குக் கோடுகள் தெரிந்தால் அது அண்மையில் பிறந்தது. கருப்பையில் மடிந்திருந்ததன் தடம் அது. அப்படிப்பட்ட கூட்டத்தை விட்டு விலகிச் செல்வதே முறை. அடிக்கடி திசை மாற்றுவதும், நெடுநேரம் மூழ்கியிருப்பதும், வாலால் நீரை அறைவதும் படகின் நெருக்கம் அவற்றைத் தொந்தரவு செய்கிறது என்பதற்கான அடையாளங்களாக இருக்கலாம். படகைத் தட்டுவது, உணவு எறிவது, கை நீட்டித் தொட முயல்வது ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

குகை வாயிலை அடைந்ததும் படகோட்டி உடனே நுழையாமல் சற்று நேரம் வெளியே நின்றால் பொறுமை இழக்காதீர்கள். அலைகள் தொகுதி தொகுதியாக வருவதால், பெரிய அலைகளின் தொகுதி கடந்து செல்வதற்காக அவர் காத்திருக்கிறார். தலைக்கவசம் கொடுத்தால் அணிந்துகொள்ளுங்கள். கைகளைப் படகின் விளிம்புக்கு வெளியே வைக்கவே கூடாது, ஏனெனில் ஒரே அலை படகைப் பாறையோடு சேர்த்து அழுத்திவிடும். கண் இருளுக்குப் பழகுவதற்காகக் கறுப்புக் கண்ணாடியை நுழையும் முன்பே கழற்றிவிட்டு, முதலில் சுவரைப் பாருங்கள்: பாசியும், பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிரான கொட்டலசும் படிந்த பட்டை உயர் ஓதத்தின்போது நீர் எட்டும் அளவை உணர்த்தும். பிறகு கூரையைப் பார்த்தால், அலை முதன்முதலில் அரிக்கத் தொடங்கிய பாறைப் பிளவு பெரும்பாலும் அங்கே நீண்டு செல்வது தெரியும். போர்ச்சுகலின் பெனகில் குகையில் கூரையே இடிந்து வட்டத் திறப்பாகி, அதன் வழியே வெயில் உள்ளே இறங்குகிறது.

எடுத்த படங்களில் டால்பின்களின் முதுகுத்துடுப்புகள் தெளிவாக இருந்தால், அவற்றை நாளும் இடமும் குறித்து அப்பகுதியின் கடல் ஆய்வாளர்களுக்கு அனுப்புங்கள். துடுப்பின் ஓரத்திலுள்ள வெட்டுத் தடங்களைக் கொண்டே அவர்கள் ஒவ்வொரு டால்பினையும் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள். ஏதேனும் படகு டால்பின்களைத் துரத்தியதைக் கண்டிருந்தால், அதன் பதிவெண்ணையும் நேரத்தையும் துறைமுக அதிகாரிகளிடம் தெரிவியுங்கள்.