கடலுக்குப் போகுமுன் போனில் காற்றும் அலையும் பார்ப்பது எப்படி?

"நாளை கடலுக்குப் போகவேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தில் பெரும்பாலும் தேதி இருக்காது. போன வருடப் புயலின் படம்கூட இன்று வந்து சேரும். அதனால் அறிவிப்பு வெளியாகும் இடத்துக்கே போய்ப் பார்க்கப் பழகுங்கள். சாதாரண ஆண்ட்ராய்டு போன் போதும்.

குரோமைத் திறந்து, மேலே உள்ள நீளக் கட்டத்தில் ஐ, என், சி, ஓ, ஐ, எஸ் என்ற ஆறு ஆங்கில எழுத்துகளை அடியுங்கள். இது ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கடல் தகவல் மையம். பேச்சில் இன்காய்ஸ் என்பார்கள். வரும் பட்டியலில் 'ஸ்பான்சர்டு' (விளம்பரம்) என்று போட்டிருப்பதை விட்டுவிடுங்கள். மற்றதில், முகவரியின் தொடக்கத்தில் 'எச்டிடிபிஎஸ்'ஸோடு வரும் இரட்டைச் சாய்கோடு போக, அடுத்து வரும் சாய்கோட்டுக்கு முன்னால் 'டாட் கவ் டாட் இன்' என்று முடிகிறதா பாருங்கள். நடுவில் 'கவ்' இருந்து கடைசியில் வேறு ஏதாவது இருந்தால் அது அரசுத் தளம் இல்லை.

உள்ளே 'ஓஷன் ஸ்டேட் ஃபோர்காஸ்ட்' (கடல் நிலை முன்னறிவிப்பு) பகுதிக்குப் போய் தமிழ்நாடு, பிறகு நம் மாவட்டமான ராமநாதபுரம் என்று தேர்ந்தெடுங்கள். புயல், காற்று எச்சரிக்கைக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தையும் இதே முறையில் தேடி, மீனவர் எச்சரிக்கையைத் திறக்க வேண்டும். இரண்டையும் பாருங்கள், ஒன்று போதாது.

படிக்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். முதலில் தேதியும் நேரமும். 'யுடிசி' (உலகப் பொது நேரம்) என்றிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள்: யுடிசி 00 என்பது நமக்குக் காலை 5.30. அடுத்து கடல் பகுதி. பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. கீழக்கரைக்காரர் மன்னார் வளைகுடாவையும் தொண்டிக்காரர் பாக் நீரிணையையும் பார்க்கவேண்டும். கச்சான் (மேற்கு, தென்மேற்குக் காற்று) காலத்தில் ஒரு பக்கம் கொந்தளிக்க மறுபக்கம் அடங்கியிருப்பது உங்களுக்கே தெரியும்.

பிறகு அலகு. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 25 என்று பார்த்துக் கிலோமீட்டர் என்று நினைத்தால் ஆபத்து. 25 நாட் என்றால் 46 கிலோமீட்டருக்கு மேல். 'மணிக்கு 45 முதல் 55, இடையிடையே 65 கிலோமீட்டர்' என்ற அறிவிப்பில் நாட்டுப்படகுக்காரர் கணக்கில் எடுக்கவேண்டியது 65ஐத்தான். திசையும் அப்படியே: தென்மேற்கு என்றால் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று.

அலை உயரம் 2 மீட்டர் என்று போட்டிருந்தால், அது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. தனி அலை ஒன்று கிட்டத்தட்ட இரு மடங்காகவும் எழும்பலாம். 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்தால், இங்கே காற்றே இல்லாவிட்டாலும் தூரத்துக் கடலிலிருந்து அலை வரும். கரையில் நிற்கும் வல்லத்தை மேலே இழுத்து வையுங்கள்; படகுகளை ஒன்றோடொன்று மோதாத இடைவெளியில் கட்டுங்கள்.

தினமும் தேட வேண்டாம். பக்கம் திறந்திருக்கும்போதே வலது மேல்மூலையின் மூன்று புள்ளிகளைத் தொட்டு 'முகப்புத் திரையில் சேர்' கொடுத்தால் போனில் தனி ஐகான் வந்துவிடும். கடலில் சிக்னல் போய்விடும் என்பதால், கிளம்புமுன் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதி தெரியும்படி. பிறருக்கு அனுப்புவதானால் படத்தை அனுப்பாமல் இணைப்பை அனுப்புங்கள். நாளை திறப்பவருக்கும் அன்றைய நிலவரமே தெரியும்.