கட்டணம் இல்லை என்பது மட்டும் போதாது: இலவசக் கோடை முகாம்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வசதி குறைந்த குடும்பங்களின் குழந்தைகளுக்குக் கோடை முகாம் நடத்துவோர் செய்யும் முதல் தவறு, கட்டணத்தை நீக்கியதும் செலவே நீங்கிவிட்டதாக எண்ணுவதாகும். பேருந்துச் செலவு, விளையாட்டுக் காலணி, நீச்சலுடை, மருத்துவச் சான்றிதழ் என நீளும் பட்டியலைப் பார்த்தபின் விண்ணப்பிக்காமலே ஒதுங்கும் பெற்றோரை, ஆர்வமற்றவர்கள் என்று நினைப்பது பெரும் அநீதி. 1876-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரக் கிறித்தவப் போதகர் ஹெர்மன் வால்ட்டர் பியோன், நகரத்து ஏழைக் குழந்தைகளை அப்பென்செல் மலைப்பகுதிக்குத் தாமே முன்னின்று அழைத்துச் சென்றார். அழைத்துச் செல்வதும் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதும் அமைப்பாளரின் பொறுப்பு என்பது அவ்வளவு பழைய பாடம்.

நேரமும் ஒரு செலவுதான். காலை பத்து மணிக்குத் தொடங்கி நண்பகலில் முடியும் முகாமுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட, தினக்கூலிக்குச் செல்லும் தாய் ஒரு நாள் ஊதியத்தை இழக்க நேரிடும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பெண், சின்னவர்களுக்கும் அங்கே இடமிருந்தால் மட்டுமே வர முடியும். பள்ளியில் மதிய உணவு பெறும் குழந்தைக்கு விடுமுறையில் அந்த வேளை நின்றுபோகிறது என்பதால், பிஸ்கட்டும் பழச்சாறும் கொடுத்து அனுப்பாமல் முழுச் சாப்பாடு தர வேண்டும்.

என்னை மிகவும் வருத்துவது வறுமையை நிரூபிக்கச் சொல்லும் முறை. தகுதியைச் சரிபார்க்க ஒரு சான்று தேவைப்படலாம். அதை ஒருமுறை, தனிமையில் கேட்டால் போதும். எல்லோர் முன்னிலையிலும் வருமானத்தைக் கேட்பதும், கட்டணம் செலுத்தியவர்களோடு சேர்ந்து பயிலும் முகாமில் இலவசமாக வந்தோருக்குத் தனி நிற அட்டை தருவதும், நன்கொடையாளருக்குக் காட்டுவதற்காக உதவிப் பொருளுடன் குழந்தையை நிறுத்திப் படமெடுப்பதும் அந்தப் பிள்ளையின் மனத்தில் முகாமைவிட நெடுநாள் தங்கிவிடும். படமெடுக்கப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு குழந்தையின் விருப்பமும் வேண்டும். மறுத்தால் இடம் போய்விடுமோ என்ற அச்சத்தில் பெறும் சம்மதம் சம்மதமாகாது.

இலவசம் என்பதற்காகப் பாதுகாப்பைத் தளர்த்தவே கூடாது. தன்னார்வலர்களின் பின்னணியை விசாரிக்காமல் சேர்ப்பதும், ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு மற்றவர் கண்ணில் படாத இடத்தில் தனித்திருக்க விடுவதும் ஆபத்தானவை. ஒவ்வாமை, அன்றாட மருந்து ஆகியவற்றைப் படிவத்தில் மட்டும் கேட்டால், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். ஆகவே அவற்றை நேரில், அவர்கள் பேசும் மொழியில் கேட்டுக் குறித்துக்கொள்வது அவசியம். இணையத்தில் மட்டும், முந்துவோருக்கு முன்னுரிமை என்று பதிவு நடத்தினாலும் இதே பெற்றோர்தான் விடுபடுவார்கள்; பள்ளி ஆசிரியர்கள் வழியாகவும் பிள்ளைகளின் பெயர்களைப் பெற்று, அப்பிள்ளைகளுக்கென ஒரு பங்கு இடங்களைக் கடைசி நாள் வரை ஒதுக்கி வைக்கலாம்.