பழைய அரசு விவசாயக் கையேடுகளைப் பார்த்து வேலை பழகுவது எப்படி?

கோழிக்கூண்டு கட்டுவது, கயிற்றில் முடிச்சுப் போடுவது, விதை முளைக்குமா என்று சோதிப்பது. இதற்கெல்லாம் பத்து வீடியோ பார்ப்பதைவிட, அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட 'ஃபார்மர்ஸ் புல்லட்டின்' ஒன்றைத் திறப்பது மேல். 1889இல் தொடங்கிய வரிசை இது. பெரும்பாலும் ஒரு கையேட்டுக்கு ஒரே விஷயம்தான். காசு அதிகம் புழங்காத சிறு விவசாயிகளுக்காக எழுதியதால், கையில் இருக்கும் சாமானை வைத்தே வேலையை முடிக்கச் சொல்லித்தருவார்கள்.

1. தேடி எடுங்கள்

அமெரிக்க அரசு ஊழியர்கள் பணிக்காக எழுதியவற்றுக்கு அந்த நாட்டில் பதிப்புரிமை கிடையாது. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் வரிசையின் பெயரையும் வேலையின் பெயரையும் ஆங்கிலத்தில் போட்டுத் தேடினால் இலவசமாகக் கிடைக்கும்.

2. முதல் பக்கத்தை விடாமல் படியுங்கள்

ஆண்டு, எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 'இன்ன எண்ணுக்குப் பதிலாக இது' என்ற குறிப்பும் சிலவற்றில் இருக்கும். ஒரே தலைப்பில் பல பதிப்புகள் கிடைத்தால், கடைசியாக வந்ததை எடுங்கள்.

3. எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

இந்தப் படிதான் முக்கியம். மரவேலை, முடிச்சு, கருவியைத் தீட்டுவது, விதைச் சோதனை போன்ற கைவேலைகளை அப்படியே செய்து பார்க்கலாம். பூச்சிமருந்துப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுங்கள். ஈய ஆர்சனேட், பாரிஸ் கிரீன் என்று ஆர்சனிக் கலந்த விஷங்களைச் சர்வசாதாரணமாகச் சொல்லியிருப்பார்கள். 1940களின் நடுவிலிருந்து டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வந்துவிடும். பயிருக்கு அதை அடிப்பதை அமெரிக்காவே 1972இல் தடை செய்தது.

காய்கறியைப் புட்டியில் அடைத்துப் பதப்படுத்தும் பகுதியும் ஆபத்துதான். பீன்ஸ் போன்ற புளிப்பில்லாத காய்களைக் கொதிநீரில் மணிக்கணக்கில் வைத்தால் போதும் என்று பழைய கையேடுகள் சில சொல்லும். போட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் 100 டிகிரி செல்சியஸைத் தாங்கிவிடும். அவற்றை அழிக்க, அழுத்தத்தில் 116 டிகிரி அளவுக்குச் சூடேற்றும் கலன் தேவை. எவ்வளவு நேரம் என்பதை அமெரிக்க வேளாண் துறையின் இன்றைய வழிகாட்டியில் மட்டும் பாருங்கள்.

4. அளவை மாற்றுங்கள்

ஒரு பவுண்டு 454 கிராம். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலனோ 4.546 லிட்டர், குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃபாரன்ஹீட்டில் 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுத்தால் செல்சியஸ் கிடைக்கும். விதைப்பு மாதங்கள் அவர்கள் குளிருக்குப் போட்ட கணக்கு. உங்கள் இடத்துக்கு அவை ஒத்துவராது.

5. ஒன்றைச் செய்து பாருங்கள்

1918இல் வந்த 948ஆம் எண் கையேடு, 'கந்தல் பொம்மை' விதைச் சோதனையைச் சொல்கிறது. நீளமான துணியில் கட்டம் போட்டு எண் எழுதி, ஒவ்வொரு மக்காச்சோளக் கதிரிலிருந்தும் சில மணிகளை அதனதன் கட்டத்தில் வைத்துச் சுருட்டுவார்கள். எந்தக் கதிர் விதைக்கு ஆகாது என்று தனித்தனியே தெரிந்துவிடும். கதிர் கையில் இல்லையென்றால் சும்மா 50 விதை போதும்.

துணியை நனைத்து விரித்து, விதைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். அப்புறம் தளர்வாகச் சுருட்டி, இரண்டு முனையிலும் நூல் கட்டி, வெதுவெதுப்பான நீரில் சில மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு நீரை நன்றாக வடித்துவிட வேண்டும். காற்றுப் போகாவிட்டால் விதை அழுகிவிடும். மூடிய பாத்திரத்தில் கதகதப்பான இடத்தில் வைத்து, துணி காயாமல் பார்த்துக்கொண்டால் மக்காச்சோளத்துக்கு ஒரு வாரம் போதும்.

பிரித்ததும் வேரும் தண்டும் இரண்டும் வந்ததை மட்டும் எண்ணுங்கள். வேர் மட்டும் எட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது. 50க்கு 40 வந்தால் 80 சதவீதம். விதைக்கும்போது கால் பங்கு கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும். பாதிகூடத் தேறவில்லையா, வேறு விதை வாங்கிவிடுங்கள்.