வேலை நடக்கும்போதே மதிப்பீட்டைத் திருத்துவது எப்படி?

மென்பொருள் திட்டத்தின் செலவையும் காலத்தையும் ஒப்பந்த நாளில் ஒருமுறை கணக்கிட்டுவிட்டு, கெடு நெருங்கும்வரை அந்தத் தாளைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதே நம்மிடம் உள்ள பெரிய குறை. தேவைகள் தெளிவாகாத தொடக்க நிலையில் சொல்லப்படும் எண்ணைவிட உண்மை நான்கு மடங்கு கூடவோ கால் பங்காகக் குறையவோ இடமுண்டு என்று மென்பொருள் பொறியியல் அறிஞர் பேரி போம் 1981இல் எழுதினார். நாள் கடந்தால் மட்டும் அந்த இடைவெளி சுருங்கிவிடாது. எடுத்த முடிவுகளும் முடித்த வேலைகளுமே அதைச் சுருக்கும்.

மீதமுள்ள வேலைகளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதைச் செய்யப்போகிறவரிடமே மூன்று எண்களைக் கேளுங்கள். சம்பளப் பட்டியல் மென்பொருளில் வருமான வரிப் பிடித்தத்தைக் கணக்கிடும் பகுதிக்கு, எல்லாம் கூடிவந்தால் 3 நாள், வழக்கமாக 5 நாள், சிக்கலானால் 13 நாள் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 6 நாள் வரும். ஆனால் விடையைவிட, ‘ஏன் 13?’ என்ற கேள்வியே அதிகம் பயன்படும்; எந்த ஊழியர் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தார், எவர் புதியதை எடுத்தார் என்ற பட்டியல் வாடிக்கையாளரிடமிருந்து இன்னும் வரவில்லை என்பது அப்போதுதான் வெளிப்படும்.

அடுத்து, நடந்ததை அளந்து பாருங்கள். 24 வாரம், 60 லட்சம் ரூபாய் என்று திட்டமிட்ட பணியில், 8 வாரத்தில் 20 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும். 20 லட்சம் செலவாகியும் 15 லட்சத்துக்கான வேலையே முடிந்திருந்தால், 15ஐ 20ஆல் வகுத்து வரும் விகிதம் 0.75. இதே போக்கு நீடித்தால் மொத்தச் செலவு 80 லட்சத்தையும் காலம் 32 வாரத்தையும் தொடும். சோதனையில் தேறிய வேலையை மட்டுமே முடிந்ததாகக் கொள்ளுங்கள். ‘தொண்ணூறு சதவீதம் முடிந்தது’ என்பது மாதக்கணக்கில் மாறாத எண் என்பதை இத்துறையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

தாமதத்தைச் சரிக்கட்ட ஆட்களைக் கூட்டினால் தாமதம் மேலும் கூடும் என்று கணினி அறிஞர் பிரெட் புரூக்ஸ் 1975இலேயே எச்சரித்தார். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே பழையவர்களின் நேரம் கரைந்துவிடும். முதல் வெளியீட்டிலிருந்து எந்த அறிக்கைகளைத் தள்ளிவைக்கலாம் என்று வாடிக்கையாளரிடம் பேசுவதே மேல். அந்தப் பேச்சுக்குப் போகும்போது ஒற்றைத் தேதியைச் சொல்லாமல், ‘30 முதல் 34 வாரம், வரிப் பட்டியல் இம்மாத இறுதிக்குள் வந்தால்’ என்று நிபந்தனையோடு எழுதிக் கொடுங்கள், இரண்டு வாரம் கழித்து அதே தாளில் புதிய எண்ணைப் பழையதன் பக்கத்திலேயே எழுதுங்கள், பழையதை அழிக்காமல்.