டெஸ்ட் எல்லாம் பாஸ். பிழை மட்டும் பாக்கி

நிரலின் சிறு சிறு பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட்டுகளை எழுதுபவர்களைப் பிடித்தாட்டும் முதல் தவறு கவரேஜ் மோகம். டெஸ்ட் ஓடியபோது நிரலின் எத்தனை விழுக்காடு வரிகள் இயங்கின என்பதைத்தான் கவரேஜ் எண் சொல்கிறது. இயங்கிய வரிகள் சரியான விடையைத் தந்தனவா என்று அது பார்ப்பதே இல்லை. ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை, அழைத்துவிட்டு, வந்த விடையை எதனோடும் ஒப்பிடாமல் விட்டாலும் 100 விழுக்காடு கிடைத்துவிடும். மேலாளருக்கும் மகிழ்ச்சிதான். டெஸ்ட்டின் தரத்தை அறிய வேண்டுமானால், நிரலில் ஒரு கூட்டல் குறியைக் கழித்தல் குறியாக்கி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பாஸ் ஆகிற டெஸ்ட் இருந்தும் பயனில்லை.

டெஸ்ட் எழுதவே முடியவில்லை என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் கோளாறு நிரலின் வடிவமைப்பில் இருக்கும். நூலகத் தாமதக் கட்டணத்தைக் கணக்கிடும் ஒரு ஃபங்ஷன், இன்றைய தேதியைக் கணினியின் கடிகாரத்திலிருந்து தானே எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி 29 அன்று கணக்கு சரியாக வருமா என்று எப்படிச் சோதிப்பது? தேதியை வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றினால் ஒரே வரியில் சோதித்துவிடலாம். தரவுத்தளம், மின்னஞ்சல், கட்டணச் சேவை என எல்லாவற்றுக்கும் போலிகளை, அதாவது மாக்குகளை, வைத்தால்தான் ஒரு டெஸ்ட் ஓடும் என்றால் அந்த ஃபங்ஷன் பல வேலைகளைத் தலையில் சுமக்கிறது என்று பொருள். அதைப் பிரித்து எழுதாமல் போலிகளைக் கூட்டிக்கொண்டே போனால், கடைசியில் போலிகளைத்தான் சோதித்துக்கொண்டிருப்போம்.

‘ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நிரல்தானே’ என்ற நம்பிக்கை இதைவிட ஆபத்தானது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து முதன்முதலாகக் கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட், ஒரு நிமிடம்கூட ஆகாமல் வெடித்துச் சிதறியது. அதன் திசையறி கருவியில் இருந்தது ஏரியான் 4-இல் நன்றாக உழைத்த நிரல். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அதைச் சார்ந்த ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது இடம் போதவில்லை; அந்த வடிவத்தில் அடங்கும் உச்ச எண் 32,767 மட்டுமே. மாற்றுக் கருவியிலும் அதே நிரல் என்பதால் அதுவும் சேர்ந்தே செயலிழந்தது. இத்தனைக்கும், கிளம்பிய பிறகு அந்தக் கணக்கு ஏரியான் 5-க்குத் தேவையே இல்லை. புதிய பறப்புப் பாதையின் எண்களைக் கொடுத்துத் தரையிலேயே ஓட்டிப் பார்த்திருந்தால் பிழை சிக்கியிருக்கும்.

பயன்படாத நிரலை அழிக்காமல் விடுவதும் இதே ரகம். 2012-இல் அமெரிக்கப் பங்குத்தரகு நிறுவனமான நைட் கேப்பிட்டல் எட்டு சர்வர்களில் ஒன்றை மட்டும் புதுப்பிக்கத் தவறியது. பழைய வசதி ஒன்றை இயக்கும் குறியீட்டையே புதிய வசதிக்கும் பயன்படுத்தியிருந்ததால், ஆகஸ்ட் 1 அன்று அந்த ஒரு சர்வரில் பல ஆண்டுகளாகத் தூங்கிய நிரல் விழித்துக்கொண்டு பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்குக் குறையாத இழப்பு. பழைய நிரலை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வைத்திருக்கத் தேவையில்லை. நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் கிட் (Git) போன்ற கருவிகள் அதன் வரலாற்றைப் பத்திரமாக வைத்திருக்கும்.

இன்னொன்று: சில நேரம் தோற்று, மறுபடி ஓட்டினால் பாஸ் ஆகிற டெஸ்ட். பொதுவான தரவை இரண்டு டெஸ்ட்டுகள் மாற்றுவதோ நேரத்தைச் சார்ந்திருப்பதோ பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதைத் தேடாமல் மறுபடி மறுபடி ஓட்டுகிற பழக்கம் வந்துவிட்டால், உண்மையான பிழையைக் காட்டும் சிவப்பு எழுத்தையும் யாரும் படிக்கமாட்டார்கள்.